தண்டவாளம் பிரியும் இடம்

(மன்ற மண்டபத்தில் வாணிவிழா நாளன்று நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



கலைமகள் திருமுன்னிலையில் இன்று ஏடும் எழுதுகோலும் வைத்து வணங்கினோம். அவற்றின் பக்கத்திலே சில அரங்களும், ஈயம் ஒட்டும் கோலொன்றும், விரல் நீளமுள்ள பித்தளைத் துண்டொன்றும் சந்தனம் குங்குமம் பெற்று இருந்ததைப் பலர் கண்டிருப்பீர்கள். பூசை முடிந்ததும் பெரியவர் ஒருவர் நம்மை அழைத்து, "தம்பிமாரே, இதென்ன புதுச் சாமான்?" என்று வினவினார். சின்ன றெயிலுக்குத் தண்டவாளம் செய்யும் ஆயுதங்கள் ஐயா என்றோம். "அது கடையிலே விற்குதே. அதைக் கையாற் செய்து மினக்கெடுவானேன்?" என்றார். நேரிய கேள்வி. அதற்கு விடை சொல்லவே இம்மேடையில் நிற்கின்றோம்.

இலங்கையில் முதற் புகையிரதம் 1864 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடிற்று. அது நம் வாவிக்கரையை வந்தடைய 1928 ஆம் ஆண்டாயிற்று. கொழும்பிலிருந்து நம்மூருக்கு வருகின்ற வண்டி பொல்காவலையிலே மலைநாட்டுப் பாதையை விட்டுப் பிரிகின்றது. மாகோவிலே வடக்குப் பாதையை விட்டுப் பிரிகின்றது. கல்லோயாச் சந்தியிலே திருகோணமலைப் பாதையை விட்டுப் பிரிகின்றது. பின்னர் பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் கடந்து மட்டக்களப்பில் வந்து நிற்கின்றது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. இம்மூன்று சந்திகளிலும் பாதை செவ்வனே பிரிந்திராவிடில் நமக்குப் புகையிரதமே இல்லை என்பது வெளிப்படை. பாதை இவ்வாறு பிரியும் அமைப்பினையே புகையிரதத் தொழிலாளர் 'பொயின்ற்' என்பர்.

போர்க்காலத்திலே நம் பாதையில் வண்டி ஓடாத ஆண்டுகள் பல. 2003 ஆம் ஆண்டிலேதான் அது மீண்டும் மட்டக்களப்பு வரை ஓடலாயிற்று. நம்மிற் சிலர் சிறுவராயிருந்த நாளிலே தண்டவாளத்தைக் கண்டோம், வண்டியைக் காணவில்லை. துருவேறிய தண்டவாளத்தின்மேல் வெற்றுக்காலோடு நடந்து பழகியவர்கள் நாம். நம் நிலையத்தைச் சிறிய அளவிலே செய்து மண்டபத்தில் வைத்தல் வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது.

நம் நிலையம் பாதையின் முடிவிடம். வண்டியை இழுத்துவந்த இயந்திரம் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பக்கப் பாதையாற் சுற்றிச் சென்று, மறுமுனையிலே கொழுவினாலன்றி வண்டி திரும்பிப் போகமாட்டாது. ஆகவே மாதிரி நிலையம் எவ்வளவு சிறிதாயினும் பொயின்ற் இன்றி அமையாது.

இனி அளவைப் பார்ப்போம். நம் நாட்டுப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். அஃதாவது 1,676 மில்லிமீற்றர். ஓர் அடியை 3 மில்லிமீற்றராகச் சுருக்கினால் இது சரியாக 16.5 மில்லிமீற்றர் ஆகின்றது. கடைகளில் விற்கும் சிறு றெயில்களிற் பெரும்பாலானவை இதே 16.5 மில்லிமீற்றர்ப் பாதையிலேதான் ஓடுகின்றன. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயருடைய பாதை 4 அடி 8½ அங்குலம். அவர்கள் தம் வண்டிகளை அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற அளவிற் செய்கின்றனர். அவ்வளவுக்கு அவர்களுடைய பாதை 18.83 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். கடையில் விற்பதோ 16.5. இப்பிழையைப் பொறுக்கமாட்டாத சிலர் 1960களிலே 18.83 என்ற அளவையே கைக்கொண்டு தண்டவாளங்களைத் தாமே செய்யலாயினர். அவர்களுக்குப் பிழையாய்ப் போன அளவு, அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று கொண்ட நமக்குச் சரியளவாய் வாய்த்துவிட்டது!

அவ்வாறாயின் கடைப் பொயின்றையே வாங்கி வைத்தாலென்ன? அங்கேதான் தடை. சிறுவர் மேசையில் அடங்குவதற்காகச் செய்யப்படும் பொயின்ற் மிகக் குறுகலாக வளையும். அவற்றிற் பெரும்பாலானவற்றின் வளைவு ஆரம் 438 மில்லிமீற்றர். எட்டுக்கு ஒன்று என்ற சரிவிலே பிரியும் மெய்யான பொயின்றை நம் அளவுக்குச் சுருக்கினால் ஆரம் 2 மீற்றருக்கு மேலாகும். முன்னது தெருமுனையிலே முச்சக்கர வண்டி திரும்புவது போல. பின்னது வாவியிலே தோணி திரும்புவது போல. நீண்ட பெட்டிகள் தோணி போலத் திரும்பினாலன்றி அழகும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஆகவே கையாற் செய்யத் துணிந்தோம்.

செய்யும் முறையை இளைஞர்களுக்காகச் சொல்கின்றோம். முதலிலே தாளில் வரைபடம் வேண்டும். 80 மில்லிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, அதன் முடிவிலே செங்குத்தாக 10 மில்லிமீற்றர் எழுப்பி, அந்நுனியைத் தொடக்கத்தோடு இணைத்தால் எட்டுக்கு ஒன்று என்ற கோணம் வந்துவிடும். அது ஏழு பாகைக்குச் சற்று மேல். இன்று முழு வரைபடத்தையும் கணினியிலே வரைந்து அச்சிட்டுக்கொள்ளலாம். எனினும் ஒருமுறையேனும் கையால் வரைந்தவனுக்கே அதன் உள்ளம் விளங்கும்.

வரைபடத்தின்மேல் சிலிப்பர் கட்டைகளை ஒட்டவேண்டும். மரக்கட்டைக்குப் பதிலாக, வானொலி திருத்துவோர் பயன்படுத்தும் செப்புத் தகடு ஒட்டிய பலகையைக் கீற்றுகளாக அறுத்து வைக்கின்றோம். தண்டவாளத்தை அச்செம்பின்மேல் ஈயத்தால் ஒட்டிவிடலாம். இரு தண்டவாளங்களிலும் மின்சாரம் எதிரெதிராக ஓடுவதால், ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பை அரத்தாற் கீறி நீக்கவேண்டும். ஒரு கட்டையை மறந்தாலும் முழுப் பாதையும் செயலற்றுவிடும்.

பின்னர் மூக்கு. இரண்டு பாதைகளின் உட்புறத் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்திலே, ஆப்பு வடிவமான கூர்நுனி ஒன்று உண்டு; அதனையே மூக்கு என்கின்றோம். இரண்டு துண்டுகளை அரத்தால் ராவி, ஒன்றின்மேல் ஒன்று சாயும்படி ஒட்டி, அதனை உண்டாக்க வேண்டும். அவசரப்பட்டவன் கோணத்தை இழப்பான். மூக்கின் இரு மருங்கிலும் சிறகுபோல வளைந்த தண்டவாளங்கள் இரண்டு. வண்டியை இப்பாதைக்கோ அப்பாதைக்கோ திருப்புவன நாக்குகள். அவை கத்தியலகு போல் மெலியும்வரை ராவப்பட்டு, வெளித் தண்டவாளத்தோடு மயிரிழை இடைவெளியுமின்றிப் படிதல் வேண்டும். ஈயம் ஒட்டும்போது சூடு போதாவிடில் ஒட்டு மங்கித் தோன்றும். நன்கு பிடித்த ஒட்டு பளபளக்கும்.

வலை முடிபவர் ஒவ்வொரு கண்ணையும் ஒரு சிறு சட்டத்தின்மேற் சுற்றியே முடிவதை நம் வாவிக்கரையிலே கண்டிருக்கின்றீர்கள். எவ்வளவு தேர்ந்த கையாயினும் சட்டத்தை விடுவதில்லை. பூசையில் நீங்கள் கண்ட பித்தளைத் துண்டு நமக்கு அச்சட்டம் போன்றது. அதில் வெட்டியுள்ள தடங்களிலே தண்டவாளங்களை நிறுத்தினால் இடையகலம் 16.5 மில்லிமீற்றராக நிற்கும்.

இனி, இப்பேச்சின் மையமான காவல் தண்டவாளத்துக்கு வருகின்றோம். மூக்கின் முன்னே, சக்கரத்தின் விளிம்பு கடந்து செல்வதற்கு ஓர் இடைவெளி விடவேண்டியிருக்கின்றது. அவ்விடத்திலே சக்கரத்துக்குப் பக்கத்துணை இல்லை. அது மூக்கின் தவறான பக்கத்திற் பாய்ந்தால் வண்டி தடம் புரளும். அதனைத் தடுப்பது எது? மூக்கின் பக்கத்திலுள்ள எதுவும் அன்று. எதிர்ப்புறத்திலே, மற்றச் சக்கரத்தின் முதுகைப் பிடித்து நிறுத்துகின்ற காவல் தண்டவாளமே அதனைத் தடுக்கின்றது. இரு சக்கரங்களும் ஓர் அச்சிலே பிணைந்தவை. ஒன்றைப் பிடித்தால் மற்றது காக்கப்படும்.

கணக்கைப் பாருங்கள். காவல் தண்டவாளத்துக்கும் அருகிலுள்ள வெளித் தண்டவாளத்துக்கும் இடைவெளி 1.25 மில்லிமீற்றர். இரு சக்கரங்களின் முதுகுகளுக்கிடையே 14.5. சக்கர விளிம்பின் தடிப்பு 0.7. மூன்றையும் கூட்டினால் 16.45. பாதையின் அகலம் 16.5. ஆகவே விளிம்பு மூக்கைத் தொடாமல் மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு இடைவெளியிலே தப்பிச் செல்கின்றது.

சென்ற ஆண்டு வாணிவிழாவிலே நாம் செய்த முதற் பொயின்றைக் காட்சிக்கு வைத்தோம். நம் பெட்டிகள் நன்றாக ஓடின. பெரியோர் பாராட்டினர். அப்பொழுது பத்து வயதுச் சிறுவன் ஒருவன், வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய பெட்டியொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, "அண்ணா, இதையும் ஓட்டுவீங்களா?" என்றான். ஓட்டினோம். மூக்கில் இடித்துத் தடம் புரண்டது. மீண்டும் ஓட்டினோம், மீண்டும் புரண்டது. மூன்றாம் முறையும் அவ்வாறே. "உன்ர பெட்டியிலதான் பிழை தம்பி" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சில கிழமைகளின் பின், மனம் ஒவ்வாமல், வேணியர் இடுக்கியை எடுத்து அளந்தோம். நம் காவல் தண்டவாளத்தின் இடைவெளி 1.25 அன்று, 1.75! அரை மில்லிமீற்றர் கூடிவிட்டது. அப்படியானால் நம் பெட்டிகள் எவ்வாறு ஓடின? அவற்றையும் அளந்தோம். நாமே பொருத்திய சக்கரங்கள், முதுகளவு 14.5 இருக்கவேண்டிய இடத்திலே 14 தான் இருந்தது. 1.75 உம் 14 உம் 0.7 உம் கூட்டினால் அதே 16.45. பிழையான பாதைக்குப் பிழையான சக்கரம் பொருந்திவிட்டது! அச்சிறுவனின் சக்கரம் சரியாக 14.5 இருந்திருக்கும். அதனைப் பிழையான பாதையில் விட்டால் கூட்டுத்தொகை 16.95, விளிம்பு மூக்கில் இடியாமல் வேறென் செய்யும்? இருந்தவற்றுள் நேரான பொருள் ஒன்றே ஒன்று. அதனையே நாம் பிழை என்றோம்.

அன்பர்களே, இது தண்டவாளத்தோடு முடியும் செய்தியா? நம் வழக்கம் ஒன்று கோணியிருக்கும். அதற்கேற்ப நம் நடையையும் கோணலாக்கிக்கொள்வோம். இரண்டும் பொருந்திவிட்டதனால் எல்லாம் செவ்வையாக ஓடுவதாக எண்ணுவோம். நேரான பிள்ளை ஒருவன் வந்து இடறி விழும்போது அவனையே குற்றஞ் சொல்லுவோம். இடறியவனைக் குறை கூறுமுன் நம் பாதையை அளந்து பார்த்தோமா? பெரியோர்க்கும் இளைஞர்க்கும் நமக்கும் இக்கேள்வி பொது.

அந்தக் காவல் தண்டவாளத்தை ஒட்டுவிட்டு எடுத்து மீண்டும் வைத்தோம். அது போதவில்லை, பாதை நேராகியதும் நம் கோணற் சக்கரங்கள் அதிலே சிக்கின. எல்லாச் சக்கரங்களையும் கழற்றி 14.5 க்கு மாற்ற மூன்று இரவுகள் சென்றன. பிழையைத் திருத்துபவன் அதனோடு ஒத்துப்போன அனைத்தையும் திருத்தவேண்டும் என்பதை அப்பொழுது கற்றோம்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு விடை. கடையில் வாங்கிய பொயின்றிலே பிழை நேர்ந்தால் கடைக்காரனை ஏசியிருப்போம். கையாற் செய்ததனால் ஏசுவதற்கு நம்மைத் தவிர வேறொருவரும் இருக்கவில்லை. மினக்கெட்டதன் பயன் அதுவே ஐயா. இம்மண்ணிற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் பண்டிதமும் ஒருங்கே பெற்றவர். பழைய யாழைப் பற்றி ஆராய்ந்தபொழுது அவர் புகழ்மொழியோடு நிற்கவில்லை. சுருதிகளைக் கணக்கிட்டு அளவு கண்டார். அவருடைய யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அளந்து பார்த்தலும் ஒரு வழிபாடே என்று நாம் கொள்வது அவர் காட்டிய நெறியிலேதான்.

அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்ற கிழமை போனோம். "தம்பி, பிழை எங்களுடையது. உன்ர பெட்டி சரி" என்று அவன் தாய் தந்தையர் முன்னிலையிற் சொன்னோம். அவன் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியும் அண்ணா. வீட்டில நல்லா ஓடினது" என்றான். ஓராண்டு முழுவதும் அதனைத் தெரிந்துகொண்டே பேசாதிருந்திருக்கின்றான்.

இப்பொழுது இப்பேச்சு முடிந்ததும் திரைக்குப் பின்னாலுள்ள மேசைக்கு வாருங்கள். புதுப் பொயின்றிலே முதலில் ஓடப்போவது அவனுடைய பெட்டி. அது தடம் புரண்டால் எவரும் அவனைப் பார்க்கவேண்டாம், எங்களைப் பாருங்கள். வேணியர் இடுக்கி மேசையிலேயே இருக்கின்றது.