முகத்தில் விழும் ஒளி

மன்னார்த் தீவின் வெயிலை அங்கு சென்றவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மேலிருந்து எரிப்பது போதாதென்று, வெண்மணலும் ஆழமற்ற கடலும் அவ்வொளியைக் கீழிருந்தும் முகத்தில் எறிகின்றன. கண்கள் இடுங்குகின்றன, நெற்றி வெளுத்துப்போகிறது. இத்தகைய ஊரில் உருவப்படம் எடுக்கக் கற்பவன் முதலிற் பயிலவேண்டியது ஒளியைத் தேடுவதன்று, அதனை அடைப்பதேயாகும்.

படக்கூடத்துக்கு வடக்கு நோக்கிய சாளரமே சிறந்தது என்று ஐரோப்பியரின் பழைய கைநூல்கள் கூறும். அவர்கள் நாட்டுக்கு அது பொருந்தும். அங்கே நண்பகற் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கிறான். மன்னாரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுப்பகுதி தொடங்கி ஆகஸ்ட் இறுதிவரை அங்கே உச்சிச் சூரியன் தலைக்கு வடபுறமாகவே செல்கிறான். நூலை நம்பியவன் அந்த நான்கரை மாதமும் சாளரத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியாகவேண்டும். கட்டிவிட்டாலோ சாளரம் முழுவதுமே ஒரு விளக்காகிவிடும். ஒளி வரும் பரப்புப் பெரிதாகப் பெரிதாக, நிழலின் ஓரமும் மென்மையாகும்.

ஒளியை அடைத்தே புகழ்பெற்றவர் ஒருவர் இலங்கை மண்ணில் உறங்குகிறார். 1815இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார், தமது 48ஆம் வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்தார். இங்கிலாந்தின் வைட் தீவில், கண்ணாடி போட்ட கோழிக்கூடே அவருக்குப் படக்கூடமாயிற்று. வானியல் அறிஞர் ஹெர்ஷலை 1867இற் படமெடுத்தபோது, நரைமயிரில் ஒளி தங்கவேண்டி, அதைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தாராம்! 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் உழைப்பாளிகளையும் படம்பிடித்து, 1879இல் மலைநாட்டில் மறைந்தார்.

கரிய முகம், வெள்ளைச் சட்டை: மன்னாரிற் கற்பவனுக்கு இதுவே கடினமான பாடம். ஒளிமானி சட்டையின் வெண்மையைக் கண்டு ஏமாறும். முகம் மையாய் இருண்டுவிடும். அதற்கு அஞ்சியே பல கூடங்களில் பவுடரை அப்பினார்கள். இலங்கையில் அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. அதற்காக மாத்திரம் வாழ்நாளில் ஒருமுறை படக்கூடத்தின் படியேறிய மீனவர் எத்தனையோ பேர். அவர்கள் மறைந்தபின் பிள்ளைகள் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியதும் அந்தச் சிறு படத்தைத்தான். அதைப் பார்த்து, "இவரா எங்கள் அப்பப்பா?" என்று பேரப்பிள்ளை கேட்டால் பிழை யாருடையது?

கற்றவன் பவுடரைத் தொடமாட்டான். ஒளியைச் சட்டையில் அளவாது முகத்தில் அளப்பான். நிழற்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடிப்பான். மின்விளக்கை 3 அடியிலிருந்து 6 அடிக்கு நகர்த்தினால் ஒளி பாதியாகாது, காற்பங்காகும் என்பதையும் அவன் அறிவான். பக்கத்திலிருந்து வரும் ஒளி கன்னமேட்டில் இலேசாக மினுங்க, உப்புக்காற்று வரைந்த சுருக்கங்கள் எழுந்துவரும். கிழவரின் கருவிழியிற் சாளரம் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும்வரை நாற்காலியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அதன்பின்பே பொத்தானை அழுத்துவான்.