மெட்ரோ வரட்டும், நாம் ஏறுவது எப்படி?

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெட்ரோ எப்போ சார் வரும்?" லிஃப்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அதிகம் அடிபடும் கேள்வி இது. அதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் மண்ணூர்க்காரர்களான நமக்கு இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம். மெட்ரோ வந்தால், அதில் நாம் ஏறுவது எப்படி?

முதலில் நிலவரம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஒரு வழித்தடம் கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லியில் முடிகிறது. நீளம் சுமார் 26 கி.மீ. அதைப் பரந்தூர் வரை நீட்டிக்கும் திட்டத்துக்குத் தமிழக அரசு 2025-ல் கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அதன் முதல் பகுதி பூந்தமல்லி முதல் சுங்குவார்சத்திரம் வரை: 27.9 கி.மீ., 14 நிலையங்கள், மதிப்பீடு 8,779 கோடி ரூபாய். தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியே போகும்.

ஒப்புதல் வேறு, ரயில் வேறு. முதல் கட்டப் பணி 2009-ல் தொடங்கியது. கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடியது 2015 ஜூன் 29 அன்று. சுமார் 10 கி.மீ. தூரத்துக்கு ஆறு ஆண்டுகள்! எனவே "மெட்ரோவுக்குப் பத்தே நிமிடம்" என்ற விளம்பரத்தை நம்பி இரண்டாவது ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வங்கிக்கு மாதத் தவணை இன்றே தொடங்கிவிடும். ரயில் அப்படித் தொடங்காது.

ஏன் இவ்வளவு காலம்? மண் பரிசோதனை, நிலம் எடுப்பு, சாலைக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய், மின்கேபிள்களை இடம் மாற்றுவது, இவை முடிந்த பிறகே தூண். காஸ்டிங் யார்டில் வார்த்த கர்டர்களை இரவில் கொண்டுவந்து கிரேனால் தூக்கி வைப்பார்கள். பிறகு தண்டவாளம், மின்கம்பி, சிக்னல், சோதனை ஓட்டம், கடைசியாகப் பாதுகாப்பு ஆணையரின் சான்று. பூந்தமல்லி–முல்லைத்தோட்டம் இடையே 2025 மார்ச்சில் ஓட்டுநர் இல்லாத ரயில் சோதனையாக ஓடியது. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை பயணிகள் ஏற முடியவில்லை. தூண் தெரிந்தால் ரயில் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

வேலை நடக்கும் ஆண்டுகளில் சாலையின் நடுவே தடுப்பு வைப்பார்கள். ஏற்கெனவே கன்டெய்னர் லாரிகளால் திணறும் சாலை இது. 2025 ஜூனில் மணப்பாக்கம் அருகே இரண்டாம் கட்டப் பணியில் கர்டர்கள் விழுந்து, பைக்கில் போன ஒருவர் உயிரிழந்தார். கர்டர் தூக்கும் இடத்தில் போக்குவரத்தை முழுமையாக நிறுத்தச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. அரை மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை.

இனி ரயில் ஓடும் விதம். சென்னை மெட்ரோ பொதுவாகக் காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை இயங்குகிறது. இரவில் ஓடாததற்குக் காரணம் உண்டு. தண்டவாளத்தையும் 25,000 வோல்ட் மின்கம்பியையும் மின்சாரத்தை நிறுத்திய பிறகே பராமரிக்க முடியும். அதனால் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் நம் பிள்ளைகளுக்குக் கம்பெனி பஸ் தொடர்ந்து தேவை. ஒரகடத்தில் வேலை பார்ப்பவர்களும் கவனியுங்கள்: இந்தப் பாதை ஒரகடம் போகாது. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

நமக்குக் கிட்டே வருவது தண்டலம் பக்கம். அங்கிருந்து உள்ளே வரும் சாலையில் நடைபாதை எங்கே? இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு ஆட்டோ கிடைக்குமா? ரயிலில் மிச்சப்படுத்திய அரை மணி நேரத்தை இந்தச் சில கிலோமீட்டரில் தொலைத்தால் மெட்ரோவால் என்ன பயன்? எல்லோரும் வண்டி எடுத்துக்கொண்டு போனால் நிலையத்தில் நிறுத்த இடம் போதாது.

ஆகவே, வடிவமைப்பு இறுதியாகும் முன்பே நாம் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும்.

1. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் நிலைய வாசலும் லிஃப்டும். டிக்கெட் எடுக்காதவர்களும் சாலையைக் கடக்க அந்தப் பாலம் திறந்திருக்க வேண்டும்.

2. மண்ணூர் வழியாக நிலையத்துக்குச் சிற்றுந்து, முதல் ரயிலுக்கும் கடைசி ரயிலுக்கும் பொருந்தும் நேரத்தில்.

3. நிலையம் வரை நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால்.

4. ஸ்ரீபெரும்புதூர் நிலையத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிஃப்ட் நேர இணைப்புப் பேருந்து.

இவற்றில் சிற்றுந்துக்கும் தெருவிளக்குக்கும் மெட்ரோவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இன்றே கிடைத்தால் இன்றே பயன்.

மனுவின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மெட்ரோ நிறுவனம், மாவட்ட ஆட்சியர், ஊராட்சி மூன்றுக்கும் அனுப்பப் போகிறோம். வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதாது. வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும், கல்லூரி செல்லும் பிள்ளைகளும் போடுங்கள். எந்த நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கணக்கைக் காட்டித்தான் நாம் பேருந்து கேட்க முடியும்.