கொய்மலரும் கீரை விதையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாதவனும், பகல் முழுதும் கோப்புகளோடு உழல்பவனுமாகிய ஓர் இரயில்வே எழுத்தனுக்கு இம்மேடையில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். மேடையின் இருபுறமும் சாடிகளில் நிமிர்ந்து நிற்கும் இப்பூக்களே எனக்குத் தகுதிச் சீட்டு. இவை குடிமல்காபூர்ச் சந்தையில் வாங்கியவை அல்ல. லாலாகுடாவில் எங்கள் குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறத்தில், விதையிலிருந்து வளர்த்தவை.

பூவின் பெயர் ஸ்நாப்டிராகன். தாவர நூலார் அன்டிரைனம் என்பர். கிரேக்க மொழியில் மூக்கைப் போன்றது என்று பொருளாம். நம் நாட்டில் நாய்ப்பூ என்றும் வழங்குவர். மத்தியதரைக் கடலோரம் இதன் தாயகம். பூவின் இரு கன்னங்களையும் விரலால் அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

"தலையில் சூட ஆகாது, சாமிக்குத் தொடுக்க ஆகாது, இதற்காகவா என் மல்லிகைப் பதியனை இடம் மாற்றினீர்கள்?" என்று என் இல்லத்தரசியார் கேட்டார். கேள்வி நியாயமானதே. நாம் காம்பைக் கிள்ளிப் பூவைத் தொடுக்கும் மரபினர். கொய்மலரோ காம்பின் நீளத்திற்காகவே வளர்க்கப்படுவது. பாத்திக்கொரு பாங்கு உண்டென்று சொல்லிச் சமாளித்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகளும் தோல்வியே. இவ்விதை தூளினும் நுண்ணியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 6,000 விதைகள் இருக்கும். முதலாண்டு ஆகஸ்டு மழையிலேயே விதைத்தேன், நீரோடு போயிற்று. மறு ஆண்டு, பத்திரமாக இருக்கட்டுமென்று விரற்கடை ஆழத்தில் புதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை விற்றவரைத்தான் மனத்துக்குள் வைதேன்.

அவ்வாண்டுதான் தந்தையார் காலமானபின் என் தாயார் கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தை விட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். இக்கூட்டத்தில் பல இல்லங்களில் இது நிகழ்ந்திருக்கும். தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. அண்டை வீட்டாரைக் கண்டால் ஒரு புன்னகை, அதற்குமேல் பேச்சில்லை. கிராமத்தில் விடியற்காலம் முதல் கொல்லையில் நின்றவர், இங்கே சன்னலோரம் அமர்ந்து ஊருக்குப் போகும் வண்டியின் நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது முள்ளாகத் தைத்தது.

மூன்றாம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் விதைப் பொட்டலத்தைப் பிரித்தபோது எட்டிப் பார்த்தார். "தண்டுக்கீரை விதையைக் காட்டிலும் சன்னமாயிருக்கிறதே! மண்ணைப் போட்டா மூடினாய்?" என்றார். பொட்டலத்தை வாங்கி, விதையைச் சலித்த மணலோடு கலந்து, தாழ்வாரத்துத் தட்டுகளில் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். மேல்மண் இடவேயில்லை. தட்டின் அடியை நீரில் வைத்து ஈரம் ஏறச் செய்தார். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், இவ்விதை முளைக்க வெளிச்சம் தேவை என்றும், 20 பாகை சென்டிகிரேடை ஒட்டிய வெப்பம் உகந்தது என்றும், ஏழு முதல் பதினான்கு நாட்களில் முளைக்கும் என்றும் கண்டேன். பத்தாம் நாள் காலை என்னை எழுப்பியவர் தாயார்தாம்.

பிறகு நாற்று முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. மழை ஓய்ந்தபின், நவம்பர்த் தொடக்கத்தில், ஒரு சாண் இடைவெளியில் நட்டோம். நான்கு இணை இலை விட்டதும் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பல எழும். காம்புகள் மிகும், பூப்பது சில வாரம் தள்ளும். சாயாதிருக்கக் கயிற்று வலை கட்டுதல் வேண்டும். இலைமேல் நீர் ஊற்றலாகாது. ஊற்றினால் இலையின் அடிப்புறத்தில் துருநோய் வரும். இரும்பில் மட்டுமே துருவைக் கண்டவன் நான்! நம் ஐதராபாத்தின் டிசம்பர்க் குளிரில் செடி உரமேறி, தையில் பூக்கும். மார்ச்சு வெயில் வந்தால் கதை முடிந்தது.

பூ மலர்ந்ததும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் வேலியில் கூடினர். தாயார் பூவின் வாயைத் திறந்து காட்ட, அவர்கள் அதற்குத் தெலுங்கில் பெயர் சொல்ல, இரண்டு மாதத்தில் அம்மையார் கடைக்குத் தனியே போய்க் கொத்தமல்லிக்கு விலை பேசலானார்.

சென்ற ஆண்டு விழாவில் நடந்ததையும் மறைக்கலாகாது. முந்திய இரவே காம்புகளை அறுத்துத் தரையில் படுக்க வைத்தேன். விடியுமுன் நுனிகளெல்லாம் வானை நோக்கி வளைந்துவிட்டன. நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்பதை அன்று அறிந்தேன். எஞ்சியவற்றை மேடையில் பூசைக்கு வைத்த வாழைப்பழத் தட்டுக்கருகே வைத்தேன். பழத்திலிருந்து வரும் எத்திலீன் என்னும் வாயு பட்டு, மறுநாள் பூக்கள் உதிர்ந்தன. செயலாளர் பெருந்தன்மையோடு ஒன்றும் கூறவில்லை. இவ்வாண்டு, அடிப்பூக்களில் மூன்றில் ஒரு பங்கு மலர்ந்த கதிர்களை அதிகாலையில் அறுத்து, உடனே வாளி நீரில் நிறுத்தினோம். நாள்தோறும் நீர் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும்.

விதை சேர்ப்பதைப் பற்றி ஒரு சொல். கடையில் வாங்கும் ஒட்டுக்கலப்பு விதையின் சந்ததி தாயைப்போல் இராது. சார்லஸ் டார்வின் இப்பூவில் வாயில்லாத, ஒழுங்கு வடிவமுள்ள வகையைச் சாதாரண வகையோடு கலந்தார். முதல் தலைமுறை முழுதும் சாதாரணமாகவே இருந்தது. அடுத்த தலைமுறையின் 127 செடிகளில் 88 சாதாரணம், 37 வாயில்லாதவை, இரண்டு இடைப்பட்டவை என்று 1868இல் வெளியிட்டார். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மெண்டல் 1866இல் பட்டாணியில் கண்டு கூறிய விகிதம் அவர் கையிலும் இருந்தது, பொருள் பிடிபடவில்லை. ஆதலின் உங்கள் பாத்தியில் எதிர்பாரா நிறம் தோன்றினால் எம்மைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாயார், போதும் என்று சைகை காட்டுகிறார். அவர் மடியிலுள்ள பையில் சிறு பொட்டலங்கள் உள்ளன. விலை கிடையாது, இரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் வணிகத்திற்கு இடம் கொடா. வேண்டுவோர் விழா முடிந்ததும் அவரிடம் பெற்றுக்கொள்ளலாம். மண் போட்டு மூடக்கூடாது என்று அவரே இருமுறை சொல்வார். பொறுமையோடு கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.