மாரியில் ஓய்வு கொள்ளும் மோட்டார்ச் சைக்கிள்

திருகோணமலையில் உறைபனி விழுவதில்லை. ஆயினும் வாகனங்களுக்கு அங்கும் ஒரு குளிர்காலம் உண்டு. ஐப்பசி முதல் தை வரை நீடிக்கும் மாரிகாலமே அது. ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்பொழுதுதான் பொழிகின்றது. வாடைக்காற்றினாற் கடல் கொந்தளிக்கும். நிலாவெளி, உப்புவெளிக் கரைகளிற் கரைவலை இழுப்பு ஓய்ந்துவிடும். பருவந்தேடி நீர்கொழும்பிலிருந்து வந்த மீனவரும் ஊர் திரும்பிவிடுவர். மீன்பெட்டி சுமந்து ஊரூராய்த் திரிந்த வியாபாரியின் மோட்டார்ச் சைக்கிளும் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கும். பங்குனியிற் கடல் அடங்கி, வலை கரையேறும் காலையில் அது புறப்பட மறுத்தால், கெடுவது வண்டி மட்டுமன்று. பெட்டியிலுள்ள மீனும் ஒரு குடும்பத்தின் அன்றைய உலையுமாகும்.

ஐரோப்பாவின் வடநாடுகளிலும் இதே மாதங்களில் மோட்டார்ச் சைக்கிள்களை ஒதுக்கி வைப்பர். அங்கே பனியை உருக்க வீதியில் உப்பைத் தூவுகின்றனர். இங்கே கடற்காற்றே உப்பைக் கொண்டுவந்து சேர்க்கின்றது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும். உப்புக் கரைந்த நீரோ மின்னை எளிதிற் கடத்துவதால் துருவை விரைவுபடுத்துகின்றது. காற்றின் ஈரத்தையும் உப்பு தன்பால் இழுத்துக்கொள்ளும். ஆகவே முதல் வேலை, மீன்நீர் வடிந்த இடுக்குகள் உட்பட வண்டி முழுவதையும் நன்னீராற் கழுவி நன்கு உலர்த்துவதாகும். பின்னர்ச் சங்கிலியை மண்ணெண்ணெயால் துடைத்து எண்ணெயிட வேண்டும். தடைக்கட்டைகளில் எண்ணெய் படலாகாது.

அடுத்தது எஞ்சின். ஓடிக் கறுத்த எண்ணெயில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அதை வடித்துப் புதிய எண்ணெய் விடுவது நன்று. இரும்புத் தாங்கியைப் பெற்றோலால் நிரப்பினால், உள்ளே ஈரக்காற்றுக்கு இடமிராது. அத்தகைய வண்டியை அடுப்பங்கரைக்கு அணித்தே நிறுத்தலாகாது. காபரேற்றரில் நாட்பட்ட பெற்றோல் பிசினாகி நுண்துளைகளை அடைக்குமாதலால், குழாயை மூடி அதிலுள்ளதை வடித்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை உள்ளே விட்டு, சாவியைத் திறவாது உதைகோலை மெல்ல நாலைந்து முறை மிதித்தால், உருளையின் சுவரில் எண்ணெய் படியும்.

பற்றரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடவேண்டும். மின்குறைந்து கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகள் கெட்டுப்போகும். மாதமொருமுறை மின்னேற்றுதல் அவசியம். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தினால் ரயருக்குப் பாரம் குறையும். புகைக்குழாயின் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்தால் ஈரமும் குளவியும் புகா. போர்வை பருத்தித் துணியாயிருத்தல் வேண்டும். பிளாஸ்ரிக் விரிப்பு ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும்.

வாரமொருமுறை இரண்டு நிமிடம் எஞ்சினை முடுக்கி நிறுத்துவது பலரின் வழக்கம். அது நன்மையன்று. எரிபொருள் எரியுங்கால் நீராவி பிறக்கின்றது. குழாய் சூடேறுமுன் நிறுத்தினால் அந்நீர் உள்ளேயே தங்கித் துருவுக்கு வித்தாகும். ஓட்டுவதாயின் நன்கு சூடேறும்வரை ஓட்டுக, இல்லையேல் தொடாதிருக்க.

மாரி கழிந்ததும் புகைக்குழாய்த் துணியை முதலில் எடுத்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, உள்ளே எஞ்சிய எண்ணெயை உதைகோலால் வெளியேற்றி மீண்டும் பூட்டுக. ரயருக்குக் காற்று நிரப்பி, தடை பிடிக்கின்றதா என்று பார்த்த பின்னரே வீதிக்கு இறங்குதல் முறை. ஐப்பசியில் ஒரு பகற்பொழுது செலவிட்டவர், பங்குனியிற் பிறர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கையில், மீன் வாடுமுன் சந்தையை அடைவார்.