பொறியின் கண்ணில் ‘தொடர்க’

(கிளைக் கூட்டமொன்றில் கணினித்துறை அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைவர் என்னை அறிமுகஞ் செய்துவைத்தபொழுது, ‘கணினியில் ஏதோ பணி செய்கின்றார்’ என்று கூறி முடித்துக்கொண்டார். அவர்மேற் பிழையில்லை. என்னைப் பெற்ற தாயாரும் பதினைந்து ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாரிடம் அவ்வாறே சொல்லி வருகின்றார். அந்த ‘ஏதோ’ இன்னதென்று இன்றைக்கேனும் விளங்கச் சொல்லிவிட வேண்டுமென்றே வந்திருக்கின்றேன்.

இணையப் பக்கங்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று ஆய்ந்து பார்ப்பது என் தொழில். ஒரு படிவம் இருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த நாள், முகவரி என்று இருபது கட்டங்கள். அவற்றை நிரப்பிக் கீழேயுள்ள குமிழை அழுத்தினால் அடுத்த பக்கம் வரவேண்டும். பொத்தான் என்று எல்லாரும் வழங்குவது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். யான் குமிழ் என்றே சொல்வேன். நிரலாளர் அப்படிவத்தில் எங்கேனும் ஒரு வரி மாற்றினால், இருபது கட்டங்களையும் மீண்டும் நிரப்பிப் பார்த்தல் வேண்டும். குரோமில் ஒரு முறை, பயர்பாக்சில் ஒரு முறை, எட்சில் ஒரு முறை, சபாரியில் ஒரு முறை. காலையில் தொடங்கிய மாந்தனுக்கு மாலைக்குள் கண் பூத்துவிடும். பத்தாம் முறை கண்டுபிடித்திருக்கக் கூடிய பிழையை நாற்பதாம் முறை காணாது விட்டுவிடுவான்.

ஆகலின், அவ்வேலையை உலாவியே தானாகச் செய்யுமாறு கட்டளை எழுதி வைத்துவிடுகின்றோம். நம் ஊர்த் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் ஒருவன் இருந்து கோல்களையும் கயிறுகளையும் இயக்குகின்றான் அல்லவா? அதுபோல், உலாவி பாவை, நிரல் கூத்தன். இவ்வுவமை யானாகப் புனைந்ததன்று. கூகுள் நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட இத்தகைய கருவிக்குப் ‘பப்பெட்டியர்’ என்றே பெயரிட்டனர். பாவைக்கூத்தன் என்பதுதான் அதன் பொருள். அக்கருவியை ஆக்கியோருள் சிலர் பின்னர் மைக்ரோசாப்ட்டுக்குச் சென்று 2020-இல் வெளியிட்ட மற்றொன்றுக்குப் ‘பிளேரைட்டு’, அஃதாவது கூத்துநூல் எழுதுவோன், என்று பெயர் வைத்தனர்.

ஆயினும் இவ்விரண்டினும் மூத்தது ‘செலினியம்’ என்பது. 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிக்காகோ நகரில், தாட்வொர்க்சு என்னும் நிறுவனத்திற் பணியாற்றிய சேசன் அக்கின்சு என்பார் தம் அலுவலகத்தின் உள்வேலைக்காக ஆக்கியது அது. அந்நாளில் இவ்வகை ஆய்வுக் கருவிகளை மிகுந்த விலைக்கு விற்றுவந்த நிறுவனம் ஒன்றின் பெயர் மெர்க்குரி. மெர்க்குரி என்பது இதள். பாதரசம் என்றால் உடனே விளங்கும். இதள் நஞ்சேறினால் அதனை முறிக்கச் செலினியம் உதவும் என்று அக்கின்சு நகையாக எழுதியதிலிருந்து அப்பெயர் நிலைத்துவிட்டது. அத்தனிமத்துக்கு 1817-இல் அதனைக் கண்டறிந்த சுவீடன் நாட்டுப் பெர்சிலியசு பெயரிட்டபொழுது, நிலவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். ஒரு கருவியின் பெயருக்குள் இத்துணைக் கதை! நம்மவர் கலைச்சொல் ஆக்கும்பொழுதும் இத்தகைய நகைச்சுவைக்குச் சற்று இடந்தந்தால் சொற்கள் இன்னும் விரைந்து பரவும் என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் செலினியம், பக்கத்துக்குள்ளேயே புகுந்துகொண்டு சாவாசுகிரிப்டு மொழியால் இயங்கிற்று. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொடக் கூடாதென்பது உலாவிகளின் காவல் விதி. அவ்விதி இக்கருவிக்குப் பெருந்தடையாயிற்று. சைமன் இசுட்டூவர்ட்டு என்பார் வேறு வழியிற் சென்றார். உள்ளே புகாமல், வெளியே நின்று உலாவியை ஓட்டுவது அவர் முறை. அதற்கு வெப்டிரைவர் என்று பெயர், வலையோட்டி எனலாம். 2009-இல் இரண்டையும் ஒன்றாக்குவதென முடிவாகி, 2011-இல் இணைந்த கருவி வெளிவந்தது. 2018 சூன் 5-ஆம் நாள் உலகளாவிய வலைக்குச் செந்தரம் வகுக்கும் கூட்டமைப்பு அம்முறையைச் செந்தரமாக ஏற்றது. அதன் பயன் என்னவென்றால், ஒரே நிரல் எல்லா உலாவிகளையும் ஓட்டும். உலாவி ஒவ்வொன்றுக்கும் அதனை ஆக்கியோரே ஓர் ஓட்டியைத் தருகின்றனர். நம் நிரல் ‘இதனை அழுத்து’ என்று ஓட்டிக்கு மடல் விடுக்கும். ஓட்டி உலாவியை இயக்கி விடைமடல் தரும். நடப்பது இவ்வளவே.

கேட்க எளிதாயிருக்கின்றது. தொல்லை இரண்டு இடத்தில். ஒன்று காத்திருத்தல், மற்றொன்று தேடுதல்.

காத்திருத்தலை முதலில் சொல்லிவிடுகின்றேன். குமிழை அழுத்தியவுடன் அடுத்த பக்கம் வந்துவிடாது. மாந்தன் பொறுத்துப் பார்ப்பான். பொறிக்குப் பொறுமை என்பது கிடையாது. வராத பக்கத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லி நின்றுவிடும். புதிதாய் இத்தொழிலுக்கு வருவோர் ‘ஐந்து நொடி உறங்கு’ என்று ஒரு வரி எழுதிவிடுவர். இணைப்பு மெதுவான நாளில் ஐந்து நொடி போதாது. விரைவான நாளில் ஐந்து நொடியும் வீண். நூறு ஆய்வுகளில் நூறு முறை உறங்கினால் எட்டு மணித்துளிக்கு மேற் பாழ். செவ்விய முறை, ‘இன்னது தோன்றும்வரை காத்திரு, இத்தனை நொடிக்கு மேற் காத்திராதே’ என்று கூறுவது. பைத்தான் மொழியில் செலினியம் அரை நொடிக்கொரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டேயிருக்கும். வந்துவிட்டால் உடனே மேற்செல்லும்.

இனித் தேடுதல். என் தொழிலில் யான் நாணத்தக்க ஒரு செய்தி இதில் இருப்பதால் இதனை விரித்தே சொல்வேன்.

சில ஆண்டுகட்கு முன் ஓர் அலுவலகத்துக்காக ஒரு படிவத்தை ஆயும் பணி வந்தது. பெயர் வேண்டா. பொதுமக்கள் சான்றிதழுக்கு வேண்டுகை தரும் படிவம். ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ஆங்கிலப் பக்கத்தின் ஆய்வுகள் எல்லாம் தேறின. தமிழ்ப் பக்கத்தில் முதல் அடியிலேயே நிரல் நின்றுவிட்டது. ‘தொடர்க என்னும் குமிழ் காணப்படவில்லை’ என்றது. என் கண்ணெதிரே திரையில் ‘தொடர்க’ பளிச்சென்று இருக்கின்றது! பொறியோ இல்லை என்கின்றது. ஒரு முழு நாள் போராடினேன். மேலாளர் வந்து பார்த்தார். “அடியில் இருப்பது ஒரே நிரல்தானே? ஆங்கிலத்தில் ஓடினால் தமிழிலும் ஓடும். தமிழ்ப் பக்கத்தை ஆய்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்” என்றார். எடுத்துவிட்டேன். ஆம், என் கையாலேயே எடுத்தேன்.

மூன்று கிழமை சென்றது. முறையீடுகள் வரத் தொடங்கின. தமிழிற் பதிந்தவர்கட்குச் சான்றிதழில் பெயரின் வால் வெட்டுண்டு வந்தது. எடுத்துக்காட்டாக, ‘மு.கோ. தமிழ்ச்செல்வன்’ என்றொரு பெயரைக் கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இருபது குறிகட்குள் அடங்கிவிடும். தமிழில் எழுதினால் நம் கண்ணுக்குப் பத்து எழுத்து, இரண்டு புள்ளி, ஓர் இடைவெளி, ஆகப் பதின்மூன்று. கணினியோ உயிர்க்குறியைத் தனியாகவும் மெய்ப்புள்ளியைத் தனியாகவும் எண்ணும். அதன் கணக்கில் அப்பெயர் இருபத்தொன்று. இருபதுக்கு மேற்பட்டதை வெட்டிவிடுமாறு நிரல் எழுதப்பட்டிருந்தது. இருபத்தொன்றாவது குறி எது தெரியுமா? கடைசி ‘ன்’-இன் புள்ளி. ‘தமிழ்ச்செல்வன’ என்று அச்சாகி வரும்! அப்பிழையைத் திருத்துவதற்கு அம்மக்கள் மறுபடியும் வேண்டுகை தந்து, வரிசையில் நின்று, கட்டணமுங் கட்டினர். தமிழில் எழுதியதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. யான் எடுத்தெறிந்த ஆய்வு ஓடியிருக்குமானால், உள்ளிட்ட பெயரையும் வெளிவந்த பெயரையும் ஒப்பிட்டு, முதல் நாளே அதனைப் பிடித்திருக்கும்.

அதன் பிறகுதான் அந்த முதற்சிக்கலுக்கு மீண்டேன். திரையிலிருந்த ‘தொடர்க’வையும் என் நிரலிலிருந்த ‘தொடர்க’வையும் குறி குறியாகப் பிரித்து அடுக்கினேன். நமக்கு அது நான்கெழுத்துச் சொல். என் நிரலில் அது ஆறு குறிகள், பக்கத்தில் ஏழு! ஒருங்குறியில் ‘தொ’ என்பதை இரண்டு வகையாக எழுதலாம். தகரத்தையடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. ஒற்றைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியாக இடுவது மற்றொரு வகை. இரண்டும் ஒன்றே என்று ஒருங்குறிச் செந்தரம் தெளிவாகக் கூறுகின்றது. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடும் பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். அப்பக்கத்தின் தமிழைப் பழைய எழுத்துருவிலிருந்து எவரோ மாற்றித் தந்திருக்கின்றார். மாற்றியது கொம்பையும் காலையும் பிரித்தே வைத்துவிட்டது. கொ, கோ, கௌ என்னும் மூன்று வரிசைகளுக்கும் இச்சிக்கல் உண்டு. கோப்பு, கொள்க, தொலைபேசி, போக்குவரத்து என்று படிவங்களில் வரும் சொற்களை எண்ணிப் பாருங்கள். எத்தனை சொல்லில் இது பதுங்கியிருக்கும்!

மருந்து சிறிதுதான். இரு வடிவையும் ஒரே வடிவுக்குக் கொணரும் கட்டளை பைத்தானிலேயே இருக்கின்றது. பக்கத்திலுள்ள எழுத்தை எடுத்து ஒருமுறை அதன் வழியே செலுத்தி, நம் சொல்லையும் செலுத்தி, அதன்பின் ஒப்பிட்டால் போதும். இதை உலாவியின் தேடுமொழியாலேயே செய்ய இயலாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். பக்கத்துக்குள் தேடுதற்குரிய எக்சுபாத் என்னும் வழிமொழியை உலாவிகள் 1999-இல் வந்த முதற்பதிப்பு அளவிலேயே வைத்திருக்கின்றன. அதில் இவ்வசதி இல்லை. ஆகவே எழுத்தைத் தனியே எடுத்து ஒரே வடிவாக்கிய பின்னரே ஒப்பிடல் வேண்டும். ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்கு மாற்றாக ஒகரமும் ளகரமும் அடுத்தடுத்து இட்டு ‘ஒள’ என்று எழுதுவோர்க்கு இம்மருந்தும் பயன்படாது. அஃது எழுத்துப் பிழை. அதைத் திருத்த இக்கட்டளை போதாது.

‘எழுத்தைக் கொண்டு தேடாதே, உறுப்புக்கு ஓர் அடையாளப் பெயர் தந்து அதனால் தேடு’ என்று இத்துறை நூல்கள் கூறும். யான் பாதி உடன்படுகின்றேன். அழுத்துவதற்கு அடையாளப் பெயர் உறுதியானது. ஆனால் அதனோடு நின்றுவிட்டால், குமிழின்மேல் ‘தொடர்க’ என்றிருக்கின்றதா, ‘தெடார்க’ என்றிருக்கின்றதா, வெறுங்கட்டமாக இருக்கின்றதா என்பதைப் பொறி பார்க்கவே பார்க்காது. ஆய்வு தேறியது என்று சொல்லிவிடும். படிவத்தை நிரப்ப வரும் மூதாட்டிக்கு அடையாளப் பெயரா தெரியப்போகின்றது? அவர் பார்ப்பது எழுத்தைத்தான். எனவே அடையாளத்தால் அழுத்துக; எழுத்தைப் படித்தும் பார்க்க.

இளைய தோழர்கட்கு ஒன்று. பைத்தான் மொழியில், மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்ததிலிருந்து, நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். மொழியின் அடிப்படைச் சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கும். ஆனால் செலினியத்தின் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே தமிழ்ப் பெயரிட்ட ஓர் உறையைப் போட்டுவிட்டால், ஆய்வு நிரல் இப்படி அமையும்:

பக்கத்தைத்_திற(முகவரி)
கட்டத்தில்_எழுது(“பெயர்”, “மு.கோ. தமிழ்ச்செல்வன்”)
குமிழை_அழுத்து(“தொடர்க”)
தோன்றும்வரை_காத்திரு(“சான்றிதழ்”, 10)
ஒப்பிட்டுப்_பார்(“பெயர்”, “மு.கோ. தமிழ்ச்செல்வன்”)

கணினி கல்லாத ஒருவரிடம் இதனைக் காட்டினேன்; என்ன நடக்கின்றது என்று படித்துச் சொன்னார். அப்படிவத்தைப் பற்றி என்னைவிட அவர்க்கே நன்றாகத் தெரியுமாதலால், யான் மறந்துபோன இரண்டு ஆய்வுகளையும் சொன்னார். இன்னொரு வியப்பு: தமிழ்ப் பெயரை ஒரு குறியாக எழுதினாலும் இரு குறியாக எழுதினாலும் பைத்தான் தானே ஒன்றாக்கிக்கொள்ளும். ஆனால் அது நிரலுக்குள் நாமிடும் பெயர்கட்கு மட்டும். மேற்கோட்குறிக்குள் இருக்கும் சொல்லை அது தொடாது. குழம்பிப் போகாதீர்கள்.

செலினியத்துக்கு விலையில்லை. அதன் மூலநிரலும் எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும் உரிமத்தில்தான் கிடைக்கின்றது. ஒன்று மட்டும் சொல்லிவைக்க வேண்டும். பொறியால் ஓட்டப்படும் உலாவி, ‘என்னைப் பொறி ஓட்டுகின்றது’ என்று தளத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் அந்தச் செந்தரத்தில் உண்டு. அதனை மறைத்துப் பிறர் தளத்தில் நுழைந்து சீட்டுகளை அள்ளிக்கொள்வோரும் இருக்கின்றார்கள். யான் அந்த வழியைச் சொல்லித்தர வரவில்லை.

பின்னறையில் என் கணினியைத் திறந்து வைத்திருக்கின்றேன். உணவுக்குப் பிறகு வாருங்கள். உங்கள் கைப்பேசியில் நீங்கள் பயன்படுத்தும் விசைப்பலகையால் ‘தொடர்க’ என்று அடித்து எனக்கு விடுங்கள். ஆறா ஏழா என்று அங்கேயே எண்ணிப் பார்த்துவிடலாம்.