சொந்தப் பணத்தில் நூல் வெளியிடுமுன்
(சங்கத்தின் இலக்கியக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தலைநகரில் நம்மவரிடையே எழுதுவோர் தொகை பெருகி வருகிறது. இராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாகிலும் மயூர் விகாரிலும், அலுவலினின்று ஓய்வு பெற்ற பெரியோர் தம் நினைவுகளை எழுதுகின்றனர்; இல்லத்தரசியர் கவிதையும் சிறுகதையும் புனைகின்றனர். எழுதியதை நூலாகக் காண விழைவது இயல்பே. அவ்விழைவை நன்கறிந்து, “பணம் செலுத்துங்கள், வெளியிடுகிறோம்” என்று அழைப்போரும் இன்று பலர். ஆதலின் அது குறித்துச் சில சொல்லக் கருதினோம்.

எழுதியவரே பொருள் திரட்டி அச்சேற்றுவது இழுக்கன்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் திரட்டியன்றோ வெளியிட்டார்! ஆயினும் அங்கே பணம் தந்தோர் நூலை வாங்கப் போகிறவர்கள். இன்று நம்மை அழைப்போர் கேட்பது எழுதியவரின் பணத்தை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பதிப்பாளர் என்பவர் தம் முதலைப் போடுகிறவர். நூல் விற்றால்தான் அவருக்கு முதல் திரும்பும். ஆகவே தேர்ந்தெடுப்பார், திருத்துவார், கடைதோறும் கொண்டு சேர்ப்பார். எழுதியவரிடமே முழுத்தொகையையும் பெற்றுவிட்டவருக்கோ, நூல் அச்சாகும் முன்பே ஊதியம் வந்துவிட்டது. அதன்பின் ஒரு படி விற்றாலென்ன, விற்காவிட்டாலென்ன? அவரைத் தீயவர் என்று சொல்ல வரவில்லை. அத்தொழிலின் அமைப்பே அது. அச்சுக்கூலி வாங்கும் நேர்மையான அச்சகத்தார், “நான் அச்சகத்தான்” என்றே சொல்லிவிடுகிறார். அவரால் யாருக்கும் ஏமாற்றமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 160 பக்க நூல், விலை ரூ. 200, படிகள் 300, கேட்கும் தொகை ரூ. 60,000 என்று வைத்துக் கொள்வோம். ஒரு படிக்கு அடக்கமே ரூ. 200 ஆகிவிட்டது. புத்தகக் கடைக்காரருக்கு நூற்றுக்கு 35 கழிவு தந்தால் கைக்கு வருவது ரூ. 130. முந்நூறும் விற்றாலும் ரூ. 39,000 தான், ரூ. 21,000 நட்டம். முந்நூறும் விற்பது எளிதோ? நூலகங்கள் வாங்கும் என்று சொல்வார்கள். வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அதை நம்பிக் கடன் வாங்குதல் ஆகாது. எஞ்சிய கட்டுகள் கட்டிலுக்கடியில் இராமபாணப் பூச்சிக்கு இரையாகும். அல்லது இல்லத் திருமணத்தில் தாம்பூலப் பையோடு போகும். பேரப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று குடும்ப வரலாறு எழுதுவோர்க்கு இது நட்டமே அன்று. அவர்களும் 300 படி அச்சிட வேண்டியதில்லை. கணினிவழி அச்சு வந்தபின் 50 படியும் அச்சிடலாம், தேவைப்படும்போது மீண்டும் அச்சிடலாம்.

பணத்தினும் பெரிது உரிமை. நம் அன்பர் ஒருவர், பெயர் வேண்டா, ஓய்வுபெற்றபோது வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தம் கட்டுரைகளை வெளியிட்டார். ஈராண்டு கழித்து வேறொருவர் மறுபதிப்புச் செய்ய முன்வந்தபோதுதான் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். எல்லா உரிமையும், எல்லா மொழியிலும், என்றென்றைக்கும் அந்நிறுவனத்துக்கே என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையொப்பம். பணமும் அவருடையது, எழுத்தும் அவருடையது, நூல் மட்டும் பிறருடையது! பக்கம் கோத்த கணினிக் கோப்பையும் அவர்கள் தரவில்லை. அவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுதுவோர்க்கு இரங்கியே எழுதப்பட்டுள்ளது. எழுதிய கணமே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமன்று. ஆசிரியர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு அது நிற்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்திலும் கையொப்பத்திலும் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிடில் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்காவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வரையறுக்கிறது. அதாவது, ஒப்பந்தம் வாய்மூடி இருக்குமிடத்தில் சட்டம் நமக்காகப் பேசும். “என்றென்றைக்கும்” என்று நாமே கையெழுத்திட்டு விட்டால் அது என்ன செய்யும்? ஆதலின் முன்பணம் கேட்குமுன் ஒப்பந்தப் படியைக் கேளுங்கள். உரிமை ஆசிரியருக்கே என்ற வரி, எத்தனை படி, எந்நாளில், கோப்பு யாருக்கு, உடன்பாட்டை முறிப்பதெப்படி என்பன அதில் இருத்தல் வேண்டும். பிழை திருத்துவோர் யார் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஒருவருமில்லை, லகர ளகர ழகரம் தடுமாறி நிற்கும் நூலில் முகப்பு மட்டும் பளபளக்கும்.

பன்னாட்டுத் தர நூல் எண் வாங்கித் தருவதற்கென்று தனிக்கட்டணம் கேட்போரும் உளர். இந்நகரிலுள்ள இராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றியே வழங்குகிறது. நூலாசிரியர் தாமே விண்ணப்பிக்கலாம். அவ்வெண் கடைக்கும் நூலகத்துக்கும் அடையாளம், அவ்வளவே. அது பதிப்புரிமையும் ஆகாது, தரச்சான்றும் ஆகாது.

இன்னொன்று. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, மும்பை ஆசியச் சங்க நூலகம், நம் தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்குப் படிகள் அனுப்புதல் பதிப்பாளரின் கடமை. செலவும் அவருடையதே. அதற்கென நம்மிடம் தனியே பணம் கேட்டால் கொடுக்க வேண்டா. அனுப்பினாரா என்று மட்டும் கேட்டு, நூலகம் தரும் ஒப்புகைச் சீட்டின் படியொன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.