ஆசனக் கணக்கு



இலங்கையின் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி வென்றது. வடக்கின் மனம் மாறிவிட்டதா என்று பல நாள் பேசினோம். ஆனால் அந்தக் கட்சிக்கு அங்கே விழுந்தது செல்லுபடியான வாக்குகளில் கால்வாசிதான். கால்வாசி வாக்குக்குப் பாதி ஆசனம் எப்படி வந்தது? மனத்தைப் பற்றி அவ்வளவு பேசிய நாங்கள் இந்தக் கணக்கைப் பற்றி அதிகம் பேசவில்லை. இன்றைக்கு அதைப் பேசுவோம்.

கையில் ஒரு பேனையும் கடதாசியும் இருந்தால் நல்லது. ஆறு ஆசனங்களில் ஒன்று, முதலிடம் வந்த கட்சிக்குப் போனஸ். மிச்சம் ஐந்து. மாவட்டத்தில் ஐந்து சதவீதத்துக்குக் குறைவாக வாங்கியவர்களின் வாக்குகளைக் கழித்துவிட்டு, மீதியை ஐந்தால் பிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படிப் பிரித்தபோது ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48,000 வாக்கு. தேசிய மக்கள் சக்தி வாங்கியது 80,000 சொச்சம்: ஓர் ஆசனம் போக மிச்சம் 32,000. தமிழரசுக் கட்சி வாங்கியது 63,000 சொச்சம்: ஓர் ஆசனம் போக மிச்சம் 15,000. வேறு யாரும் 48,000-ஐ எட்டவில்லை. ஆனால் இன்னும் மூன்று ஆசனங்கள் கிடக்கின்றனவே! அவை, கையிலிருக்கும் மிச்ச வாக்குகளில் யாருக்குக் கூட இருக்கிறதோ அவர்களுக்கு. தேசிய மக்கள் சக்தியின் 32,000 முதலில் வந்தது. அடுத்து, தலைக்கு ஏறத்தாழ 28,000 வாங்கிய தமிழ்க் காங்கிரசும் ஒரு சுயேச்சைக் குழுவும். ஆக, 63,000 வாங்கிய தமிழரசுக் கட்சிக்கும் ஒன்றுதான், 28,000 வாங்கிய சுயேச்சைக் குழுவுக்கும் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். முன்பு தமிழரசுக் கட்சியோடு ஒரே கூட்டமைப்பில் இருந்தவர்கள், இந்த முறை ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி என்று தனியாக நின்று 22,000 சொச்சம் வாக்கு வாங்கி, ஆசனம் எதுவும் பெறவில்லை. இரண்டு தரப்பும் பழையபடி ஒரே பட்டியலில் நின்று அதே வாக்குகளை வாங்கியிருந்தால், போனஸ் அவர்கள் பக்கம் போயிருக்கும். அவர்களுக்கு மூன்று, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று. சுயேச்சைக் குழு நூற்றுச் சொச்சம் வாக்கால் வெளியே நின்றிருக்கும். ஒரு வாக்காளர்கூட மனத்தை மாற்றத் தேவையில்லை. அடுத்த நாள் பத்திரிகையின் தலைப்பு மட்டும் மாறியிருக்கும்.

இந்த விகிதாசார முறை வருவதற்கு முன்பு இருந்தது தொகுதி முறை. தொகுதியில் யாருக்கு ஒரு வாக்காவது அதிகமோ, அவர் உறுப்பினர். விளங்கிக்கொள்ள லேசு, விளைவுதான் பயங்கரம். 1970-இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் 38 சதவீத வாக்கு வாங்கியது, ஆசனம் 17. சுதந்திரக் கட்சி வாங்கியது 37 சதவீதம், ஆசனம் 91! இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டுப் போட்டியிட்டதன் பலன் அது. ஏழு வருடத்தில் வண்டில் மறுபக்கம் கவிழ்ந்தது. 1977-இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 சதவீத வாக்கு, 168-இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சியின் 30 சதவீதத்துக்குக் கிடைத்தவை எட்டே எட்டு. ஏழு சதவீதத்தைக்கூட எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது இப்படித்தான்.

தொகுதி முறை சிறுபான்மைக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஓரிடத்தில் திரண்டு வாழ்பவர்களுக்கு அது வாரிக் கொடுக்கும். சிதறி வாழ்பவர்களைத்தான் கைவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் சில இடங்களில் இரண்டு, மூன்று உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் பல அங்கத்தவர் தொகுதிகளை வைத்திருந்தார்கள். 1977-இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோரோடு மூன்றாவது ஆளாகத்தான் மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளே போனார். அது ஒற்றை உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் அவருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அதைக் கொண்டுவந்ததும் 140 ஆசனம் வைத்திருந்த அதே ஐக்கிய தேசியக் கட்சிதான். தனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு பெரும்பான்மை இனி எவருக்கும் எளிதில் கிடைக்கக்கூடாது என்ற கணக்கும் அதன் தலைவர் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் மனத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கணக்கு நெடுங்காலம் பலித்தது. தனியொரு கட்சி அந்த எல்லையைத் தாண்டியது 2024-இல்தான்.

ஆசனப் பங்கீட்டில் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி முதலில் பன்னிரண்டரை சதவீதமாக இருந்தது. 1988-இல் அது ஐந்தாகக் குறைந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாசவுக்கு ஆதரவு தருவதற்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் கேட்ட விலை அது. ஒரு கட்சியே முளைத்து நிமிர்வதற்கு ஏழரை சதவீத வித்தியாசம் போதுமாக இருந்தது.

அதே 1988-இல் வந்த இன்னொரு மாற்றம் விருப்பு வாக்கு. என்னைக் கேட்டால், இந்த முறையின் நோய் விகிதாசாரத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது. வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி. கீழே வேட்பாளர்களின் இலக்கங்கள் மட்டும் வரிசையாக இருக்கும். அவற்றில் மூன்று வரை தெரிவுசெய்யலாம்; கட்சியின் ஆசனங்கள் அதிகம் தெரிவானவர்களுக்கு. யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனத்துக்குக் கட்சிக்கு ஒன்பது வேட்பாளர். ஒன்பது பேரும் ஒரே சின்னம், ஒரே மேடை, ஒரே கொள்கை. ஆனால் ஒவ்வொருவருக்கும் உண்மையான போட்டியாளர் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்தான். எதிர்க்கட்சி வாக்கைப் பிடுங்குவது கஷ்டம், சொந்தக் கட்சி வாக்கில் பங்கு கேட்பது லேசு. அதனால்தான் சுவரொட்டியில் கொள்கையைவிட, சில வேளை பெயரையும்விட, இலக்கம் பெரிதாக இருக்கிறது. ஒரு தொகுதியில் அலைந்த வேட்பாளர் இப்போது மாவட்டம் முழுவதும் அலைய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் இல்லாதவரும் குடும்பப் பெயர் இல்லாதவரும், அவர்களோடு பெரும்பாலான பெண்களும், பட்டியலை நிரப்ப மட்டும் பயன்படுகிறார்கள்.

இதற்கு மருந்தாகத் தொகுதியையும் விகிதாசாரத்தையும் கலந்து பார்த்தார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் வட்டாரத்துக்கு 60 சதவீதம், பட்டியலுக்கு 40 சதவீதம் என்ற கலப்பு. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தது, அது நல்லது. ஆனால் உறுப்பினர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டியது. பல சபைகளில் கதிரை போடவே இடம் போதவில்லை. மாகாண சபைகளுக்கும் கலப்பு முறை என்று 2017-இல் சட்டத்தை மாற்றினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் அடுத்த வருடமே தோற்கடித்தது. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், புதிய தேர்தல் இல்லாமலே வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியானது.

தேர்தல் முறையை மாற்றப் போகிறோம் என்று இனியும் யாராவது உங்கள் ஊருக்கு வருவார்கள். வந்தால் ஒன்று கேளுங்கள்: எங்கள் மாவட்டத்தின் கடந்த தேர்தல் வாக்குகளை உங்கள் புதிய முறையில் எண்ணி, யார் யார் உள்ளே, யார் யார் வெளியே என்று எழுதிக் காட்டுங்கள். காட்டிய பிறகு மற்றதைப் பேசலாம்.